வனக் காவலும் குடிகளின் உரிமையும்

காட்டைக் காத்தல் நன்றா என்று வினவினால், நன்று என விடை கூறக் கல்வி வேண்டுவதில்லை. சிறு பிள்ளையும் கூறும். அக்காவலின் செலவை எவர் தலையில் சுமத்துவது என்று வினவினாலோ, கற்றோரும் சற்றுத் தயங்குவர். நாம் ஈண்டு ஆராயப் புகுவது இவ்விரண்டாம் வினாவையேயாம். தாராவியிலும் மாதுங்காவிலும் செம்பூரிலும் தகரக் கூரையின் கீழும் மாடிக் குடியிருப்பிலும் வாழும் நமக்குக் காட்டைப் பற்றிய பேச்சு எதற்கு என்று அன்பர்கள் கேட்கக்கூடும். குடிசை இடிபடுதல் என்பது யாது என்பதை அறிந்தவர் நாம். ஆதலின் இப்பேச்சுக்கு நம்மினும் உரியவர் இலர்.

நமது மாநகரத்தின் எல்லைக்குள்ளேயே ஒரு பெருங்காடு உண்டு. போரிவலியிலிருந்து தாணே வரை பரந்து கிடக்கும் சஞ்சய் காந்தி தேசியப் பூங்கா அது. பரப்பளவு ஏறத்தாழ 104 சதுர கிலோமீட்டர். தானியங்கிக் கேமராக்களை மரங்களில் பொருத்தி எடுத்த கணக்கின்படி 2015இல் அங்கும் அதன் சுற்றுப்புறத்திலும் 35 சிறுத்தைகள் இருந்தன, 2018இல் 47. இவ்வளவு மக்கள் நெருங்கி வாழும் நகரம் ஒன்றின் நடுவே இத்தனை சிறுத்தைகள் உலவுவது உலகில் அரிது. விகார், துளசி என்னும் ஏரிகள் இரண்டும் அக்காட்டிலேயே உள்ளன. பம்பாய் நகரத்திற்கு முதன்முதல் குழாய் நீர் தந்தது 1860இல் முடிவுற்ற விகார் ஏரியேயாகும். இன்று தொலைவிலுள்ள பெரிய ஏரிகளே நம் தாகத்தைத் தீர்க்கின்றன. எனினும் இவ்விரண்டும் தம் சிறு பங்கை இன்றும் செலுத்தி வருகின்றன.

அக்காட்டின் நடுவில் கான்ஹேரிக் குகைகள் உள்ளன. நம் சங்கத்தினர் பலர் அங்குச் சென்று வந்தவரே. கிறிஸ்துவுக்கு முந்திய முதல் நூற்றாண்டளவில் தொடங்கி ஆயிரம் ஆண்டுகளுக்கு மேல் பிக்குகள் அங்கு வாழ்ந்தனர். நூற்றுக்கு மேற்பட்ட குகைகள். சென்றவர்களில் பெரும்பாலோர் பெரிய சைத்தியத்தையும் நெடிய புத்தர் உருவங்களையும் கண்டு திரும்பிவிடுகின்றனர். நாமோ அங்குள்ள நீர்த்தொட்டிகளை உற்று நோக்குமாறு வேண்டுவோம். குகைதோறும் வாயிலருகே பாறையைக் குடைந்த தொட்டி ஒன்று இருக்கும். மேலே பெய்யும் மழை பாறையில் வெட்டிய சிறு கால்வாய்களின் வழியே அதனுள் இறங்கும். கிடைத்த மழையைச் சேர்த்து வைத்து அதைக் கொண்டே ஆண்டு முழுவதும் வாழ்ந்திருக்கின்றனர்.

இக்குகைகளையும் தொட்டிகளையும் வெட்டுவித்தவர் யாவர்? அங்குள்ள பிராமிக் கல்வெட்டுக்கள் விடை கூறும். கல்யாண், சோபாரா முதலிய ஊர்களின் வணிகரும் தொழிலாளரும் இல்லறத்தாரும் துறவியரும் தந்த கொடைகள் அவை. சிலர் நிலம் அளித்தனர். சிலர் 'அட்சய நீவி' என்னும் நிதி வைத்தனர். அஃதாவது, முதலைத் தொடாது வட்டியை மட்டும் செலவிடுவதற்கென்று வைக்கும் அறக்கட்டளை. காட்டில் வாழ்பவர்க்கு நகரத்தில் வாழ்பவர் செலவளித்தனர் என்பதே ஈண்டு நாம் எடுத்துக்கொள்ள வேண்டிய செய்தி. இன்றைய நிலையோ தலைகீழ். நகரத்தின் நன்மைக்காகக் காட்டில் வாழ்பவர் செலவளிக்கின்றனர்.

அது எங்ஙனம் என்பதைக் கூறுவோம்.

1995இல் சூழல் காப்பு அமைப்பொன்று பம்பாய் உயர்நீதிமன்றத்தை அணுகி, பூங்காவினுள் எழுந்த குடியிருப்புக்களை அகற்றவேண்டுமென முறையிட்டது. 1997இல் நீதிமன்றம் அவ்வாறே ஆணையிட்டது. பின்வந்த ஆண்டுகளில் பல்லாயிரம் குடிசைகள் இடிக்கப்பட்டன. 1995ஆம் ஆண்டின் தொடக்கத்திற்கு முன்பே அங்கிருந்ததாகச் சான்று காட்டக்கூடியவர் 7,000 ரூபாய் கட்டினால் மாற்றிடம் பெறலாம் என்று விதிக்கப்பட்டது. நாட்கூலிக்குச் செல்பவனிடம் ஏழாயிரம் ரூபாய் ஒருங்கே இருக்குமா என்பதை அன்பர்களே எண்ணிக் கொள்ளலாம். நெடுங்காலப் போராட்டத்தின் பின் ஆயிரக்கணக்கான குடும்பங்களுக்குச் சாந்திவலியில் மாடி வீடுகள் கிடைத்தன. அவ்விடத்திற்குச் சங்கர்ஷ் நகர், அதாவது போராட்ட நகர், என்று அவர்களே பெயரிட்டனர். ஏனையோர் எங்கெங்கோ சிதறினர்.

அவர்கள் செய்ததும் தவறன்றோ, காட்டு நிலத்தில் குடிசை இட்டது குற்றமன்றோ என்று கேட்பவர் உளர். கேட்கத்தக்க கேள்வியே. கொடுக்கப்படாததை எடுத்தல் ஆகாது என்பது நாம் நாள்தோறும் ஓதும் இரண்டாம் சீலம். அச்சீலத்தை அளவுகோலாகக் கொண்டே நோக்குவோம். குடிசை இட்டவன் அந்நிலத்தைத் தாதா ஒருவனிடம் விலைகொடுத்து வாங்கினான். பின்பு அவனுக்குக் குடும்ப அட்டை வந்தது, மின்கம்பம் வந்தது, தேர்தல் தோறும் வாக்குக் கேட்டு வேட்பாளரும் வந்தனர். அரசின் கைகள் பத்தில் ஒன்று இல்லையென்றது, ஒன்பது கொடுத்தன. இனி, அதே காட்டின் ஓரத்தில் முப்பது நாற்பது மாடிக் கட்டிடங்கள் எழுந்தன; 'காட்டை நோக்கிய பலகணி' என்று சொல்லி விலையை உயர்த்தி விற்றனர். காட்டின் காற்றையும் பசுமையையும் அவர்களுக்குக் கொடுத்தவர் யார்? காட்டின் அடியிலே தாணே–போரிவலி இரட்டைச் சுரங்கப் பாதைக்கு 2024 ஜூலையில் அடிக்கல் நாட்டினர். அப்பாதை நன்றா தீதா என்பதைப் பொறியியல் அறிந்தோர் வாதிடுக. நாம் கேட்பது வேறு. குடிசை நுழைந்தால் ஆக்கிரமிப்பு என்றும் சாலை நுழைந்தால் வளர்ச்சி என்றும் ஒரே செயலுக்கு இரு பெயர் வைப்பது சீலத்தில் அடங்குமா?

ஆரேயில் நடந்ததும் நினைவிலிருக்கும். பூங்காவின் தெற்கே பால் பண்ணைக்கென 1949இல் நிறுவிய குடியிருப்பு அது. 2019 அக்டோபர் 4ஆம் நாள் மெட்ரோ இரயில் பணிமனையை எதிர்த்த மனுக்களை உயர்நீதிமன்றம் தள்ளியது. அன்றிரவே மரங்கள் விழத் தொடங்கின. 7ஆம் நாள் உச்சநீதிமன்றம் தடைவிதிப்பதற்குள் 2,141 மரங்கள் வெட்டுண்டன. மரம் போனதற்கு நகரமே அழுதது, அழுதது முறையே. அப்பணிமனைக்காக அதற்கு முன்பே வீடும் வயலும் இழந்த வார்லிக் குடும்பங்களுக்காக அழுதவர் எத்தனை பேர்?

வார்லிகள் என்போர் இக்காட்டின் பழங்குடியினர். அவர்தம் சிற்றூர்களுக்குப் பாடா என்று பெயர். பூங்காவிலும் ஆரேயிலும் பாடாக்கள் பல. சிறுத்தையை அவர்கள் வாகோபா என்னும் தெய்வமாக வழிபடுவர். மும்பை, தாணே, பால்கர் வட்டாரங்களில் வாகோபாவின் கோயில்கள் நூற்றைம்பதை ஆராய்ச்சியாளர் கண்டு பதிவு செய்திருக்கின்றனர். கல்லில் புலியும் சிறுத்தையும் செதுக்கிச் செந்தூரம் பூசிய எளிய கோயில்கள். தெய்வ வழிபாட்டைப் பரப்புவது நம் தொழிலன்று. அதனை அன்பர்கள் அறிவர். ஆயினும் அவ்வழிபாட்டின் உட்பொருள் ஒன்று நம்மைக் கவர்கின்றது. சிறுத்தை அங்கே திருடன் அன்று, விருந்தினனும் அன்று, பங்காளி. பங்காளியோடு சண்டை வரும், உடன்பாடும் வரும். ஊரை விட்டு அவனைத் துரத்துவது என்னும் எண்ணம் மட்டும் வாராது.

நிற்க. சிறுத்தையினால் உயிர்ச்சேதம் இல்லையோ எனின், உண்டு. 2004ஆம் ஆண்டில் இப்பூங்காவைச் சுற்றிப் பலர் மாண்டனர். அவ்வாண்டு ஜூன் மாதம் மிகக் கொடிதாயிருந்தது. 2022 அக்டோபரில் ஆரேயில் ஒரு பெண் குழந்தையைச் சிறுத்தை கொன்றது. குழந்தையை இழந்த தாயின் முன் நின்று, எவ்வுயிர்க்கும் அன்பு செய்க என்று உபதேசிக்க நமக்கு நாவெழாது. எழவும் கூடாது. அவ்வுபதேசத்தை முதலிற் கேட்க வேண்டியவர் வேறிடத்தில் இருக்கின்றனர்.

2004க்கு முன் நடந்தது யாதெனில், வேறிடங்களில் பிடித்த சிறுத்தைகளையும் கொண்டுவந்து இப்பூங்காவில் விட்டனர். வித்யா அத்ரேயா என்னும் அம்மையார் புனே மாவட்டத்து ஜுன்னர் பகுதியில் இதே வழக்கத்தை ஆராய்ந்தார். பிடித்து வேறிடத்தில் விடுவதால் தாக்குதல் குறையாது, கூடும் என்பது அவர் கண்டது. தன் இடத்தை அறிந்த சிறுத்தை மனிதனைக் கண்டு ஒதுங்கும். கூண்டில் அடைபட்டு, அறியாத இடத்தில் விடப்பட்டது தடுமாறும். நமக்கு இதில் வியப்பொன்றும் இல்லை. வாழ்ந்த இடத்திலிருந்து பெயர்த்து எங்கோ கொண்டு போடப்பட்ட எவ்வுயிரும் அவ்வாறேயாகும், மனிதனுக்கும் ஈதொக்கும்.

2011இல் வனத்துறையும் ஆராய்ச்சியாளரும் நகரத்து இளைஞரும் சேர்ந்து ஒரு முயற்சியைத் தொடங்கினர். துப்பாக்கியும் கூண்டும் அவர்தம் முதற் கருவிகளல்ல. பூங்காவின் ஓரத்தில் குப்பை குவிகிறது. குப்பையைத் தின்ன நாய்கள் கூடுகின்றன. நாய்களைத் தின்னச் சிறுத்தை வருகிறது. சிறுத்தை வரும் வழியில் குழந்தை தனியே நிற்கிறது. இந்தச் சங்கிலியை அவர்கள் மக்களுக்கு எடுத்துக் காட்டினர். குப்பையை அகற்றுக, விளக்கு ஏற்றுக, இரவில் குழந்தையைத் தனியே விடாதீர், சிறுத்தையைக் கண்டால் கூட்டம் கூடிக் கூச்சலிடாதீர் என்றனர். சில ஆண்டுகளில் தாக்குதல்கள் பெரிதும் குறைந்தன. ஆகவே ஒரு சிறுத்தையின் வாழ்வு, குப்பை வண்டி நாள்தோறும் வருகிறதா என்பதில் இருக்கிறது. குப்பை வண்டி எவர் தெருவுக்கு வரும், எவர் தெருவுக்கு வாராது என்பதை நாம் சொல்லி அன்பர்கள் அறியவேண்டியதில்லை. கழிப்பிடம் இல்லாத பாடாவில் குழந்தை இருட்டில் வெளியே செல்லத்தான் வேண்டும்.

நாம் ஆலையில் பணிபுரிந்த நாளில் கண்ட ஒன்றைக் கூறுவோம். ஆலையின் வாயிலில் காவலன் இருந்தான். உட்செல்வோர் மடியையும் வெளிவருவோர் மடியையும் தடவிப் பார்ப்பது அவன் வேலை. அவனால் ஆலை காக்கப்பட்டது என்று முதலாளி எண்ணினார். நூற்கும் பகுதியில் ரிங் பிரேம் அருகே பன்னிரண்டு ஆண்டு நின்றவனோ, பேரிங்கின் ஓசை சற்று மாறினாலே எண்ணெய் வற்றியது என்பான். இழை அடிக்கடி அறுந்தால் காற்றில் ஈரம் குறைந்தது என்பான். பொறியைக் காத்தவன் அவன். அவன் மடியைத்தான் வாயிலில் தடவினார்கள். வனக் காவலும் நம் நாட்டில் பெரும்பாலும் வாயிற்காவலாகவே இருந்து வந்தது. வேலி, சீட்டு, அபராதம். உள்ளே நின்று ஓசை கேட்பவனை நம்புவாரில்லை.

இவ்வழக்கம் நம்மிடம் பிறந்ததன்று. அமெரிக்காவில் 1872இல் யெல்லோஸ்டோன் என்னும் முதல் தேசியப் பூங்காவை ஏற்படுத்தியபோது, அங்கு வாழ்ந்தும் வேட்டையாடியும் வந்த பழங்குடியினரை வெளியேற்றி, மனிதன் தொடாத காடு என்று அதற்குப் பெயர் சூட்டினர். ஆங்கிலேயர் 1878ஆம் ஆண்டு வனச் சட்டத்தால் காட்டைத் தமதாக்கிக் கொண்டது மரத்திற்காக. விடுதலைக்குப் பின் 1972இல் வந்த வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் விலங்குக்காக வந்தது. நோக்கம் மாறியது; வேலி மாறவில்லை.

நம்மவர் ஒருவரையும் ஈண்டு விசாரிக்காது விடலாகாது. அசோக மன்னர் தம் ஐந்தாம் தூண் சாசனத்தில் இன்னின்ன விலங்குகளையும் பறவைகளையும் கொல்லலாகாது என்று பட்டியலிட்டார். காட்டை வீணே எரிக்கலாகாது என்றும் விதித்தார். இதனை நாம் மேடைதோறும் பெருமையுடன் கூறுகிறோம். அதே மன்னர் பதின்மூன்றாம் பாறைச் சாசனத்தில், கலிங்கப் போருக்காக வருந்திய அதே மூச்சில், தம் ஆட்சிக்குட்பட்ட காட்டு மக்களை நோக்கி, திருந்துங்கள், அன்றேல் தண்டிக்கும் வலிமை வருந்தும் எமக்கும் உண்டு என்னும் பொருள்பட எச்சரித்திருக்கிறார். இதனை நாம் மேடையில் கூறுவதில்லை. விலங்கிடம் கருணையும் காட்டு மனிதனிடம் கண்டிப்பும் ஒரே நெஞ்சில் குடியிருக்கக்கூடும் என்பதற்குத் தம்ம அரசரே சான்றாகின்றார். நாம் அவரை வணங்குகிறோம். எனினும் இவ்விடத்தில் அவரைப் பின்பற்ற இயலாது.

வேறு வழி உண்டா எனின், உண்டு. நமது சத்தியமங்கலம் காடுகளை அடுத்துக் கருநாடகத்தில் பிலிகிரி ரங்கன் மலை இருக்கிறது. அங்கு வாழும் சோலிகர் காய்ந்த சருகுக்குப் பருவத்தின் தொடக்கத்தில் சிறு நெருப்பு இடும் வழக்கமுடையவர். அது தரையோடு ஓடி அணைந்துவிடும். காடு சரணாலயமான பின் நெருப்புக்கும் தடை வந்தது. அதன்பின் உண்ணிச் செடி புதராய் மண்டிக் காட்டை மூடியது என்றும், அப்புதர் பற்றினால் தீ மரத்தின் உச்சி வரை ஏறுகிறது என்றும் சோலிகர் கூறுகின்றனர். 2006இல் வன உரிமைச் சட்டம் வந்தது. 2011இல் அம்மலை புலிகள் காப்பகமானது. அவ்வாண்டிலேயே சோலிகரின் சமூக வன உரிமையும் ஏற்கப்பட்டது. புலிகள் காப்பகம் ஒன்றில் அவ்வாறு ஏற்கப்பட்டது அதுவே முதன்முறை. மக்கள் இருந்தால் புலி அழியும் என்றனர். புலி அங்கு அழிந்திலது.

நம் தேனி, கம்பம் பகுதிகளுக்கு மேலே பெரியாறு புலிகள் காப்பகத்தில் நடந்ததும் அறியத்தக்கது. வயணை எனப்படும் காட்டு இலவங்க மரத்தின் பட்டையைத் திருட்டுத்தனமாய் உரித்து விற்று வாழ்ந்தோர் இருபதுக்கும் மேற்பட்டோர், 1990களின் பிற்பகுதியில் அதிகாரிகளோடு உடன்பாடு செய்து தொழிலை விட்டனர். அவர்கள்மீதிருந்த வழக்குகளைக் கைவிட வழி செய்தனர். இன்று காட்டைக் காண வருவோருக்கு வழிகாட்டிகளாகவும் திருடரைப் பிடிக்கும் காவலராகவும் அவர்கள் விளங்குகின்றனர். திருடும் வழியை அறிந்தவனுக்கே காக்கும் வழியும் தெரியும். அங்குலிமாலன் கதையை அறிந்த நம் அன்பர்களுக்கு இதனை விளக்கவேண்டியதில்லை. அங்கேயே 'வசந்த சேனை' என்று பெண்கள் கூடி நாள்தோறும் காட்டைச் சுற்றிக் காவல் செய்கின்றனர், ஊதியம் பெறாமல். பலர் இதனை வியந்து பாராட்டுகின்றனர். நாமும் பாராட்டுகிறோம், ஆனால் ஓர் ஐயத்தோடு. ஆண்களுக்கு வழிகாட்டும் கூலி, பெண்களுக்குத் தொண்டின் புகழ் என்பது என்ன நியாயம்?

இவ்வையமே நம்மை இக்கட்டுரையின் கடினமான இடத்திற்குக் கொண்டு வருகிறது. காட்டை ஊராரிடம் ஒப்படையுங்கள், அவர்கள் காப்பர் என்று இன்று பேரறிஞர் பலர் கூறுகின்றனர். அரசாங்கத்தின் வேலியைக் காட்டிலும் ஊராரின் காவல் மேல் என்பதே நம் கருத்தும். ஆயினும் 'ஊர்' என்னும் சொல்லைக் கேட்டவுடன் நம் உள்ளம் ஒரு கணம் திடுக்கிடுகிறது. திருநெல்வேலியிலும் சேலத்திலும் வட ஆர்க்காட்டிலும் நம் பாட்டன்மார் பிறந்த இடத்தில் ஊர் வேறு, சேரி வேறு. ஊர்ப் பொதுக்குளம் என்றால் நமக்கு இல்லாத குளம். ஊர்ப் புறம்போக்கு என்றால் நம் மாடு மேயக்கூடாத நிலம். ஊராரிடம் ஒப்படைத்த அன்றே நம்மை வெளியே நிறுத்தினார்கள். இதே கொங்கணத்தில் மகாடு நகரின் சவுதார் குளத்தை எல்லோருக்கும் திறந்துவிட்டதாக 1924இல் நகரசபை தீர்மானம் செய்தது. தீர்மானம் ஏட்டிலிருந்தது. 1927 மார்ச் 20ஆம் நாள் டாக்டர் அம்பேத்கர் ஆயிரக்கணக்கானவரோடு சென்று அந்நீரைக் கையில் அள்ளிப் பருகினார். பருகியவரை ஊரார் தடி கொண்டு அடித்தனர். அக்குளத்தை 'மக்கள் பங்கேற்புடன்' காத்தவர்கள் அவர்களே.

ஆதலின், ஊராரிடம் ஒப்படைக்க என்று கூறுமுன், எவர் ஊரார் என்று எண்ணிச் சொல்லுங்கள் என்று கேட்பது நம் கடமை. 2006ஆம் ஆண்டுச் சட்டத்தில் நமக்கு உவப்பானது அதுவே. தொலைவிலுள்ள பஞ்சாயத்தைக் கருதாது, பாடாவே தன் சபையைக் கூட்டலாம். வன உரிமைக் குழுவில் மூன்றில் ஒரு பங்கினராவது பெண்களாயிருத்தல் வேண்டும். காட்டில் விறகு எடுப்பவளும் நீர் சுமப்பவளும் அமராத குழு, விறகைப் பற்றியும் நீரைப் பற்றியும் தீர்ப்புச் சொல்லலாகாது. ஏட்டில் இருப்பதெல்லாம் நடப்பில் இல்லை என்பதை அறிவோம். குறிப்பாக மும்பையில், கிராம சபையை அடிப்படையாகக் கொண்ட சட்டம் மாநகராட்சி எல்லைக்குள் வந்து விழிக்கின்றது. இங்கே கிராமம் எது, சபை எது? வார்லிகள் நகரம் பிறக்குமுன்பே அங்கிருந்தவர்கள். நகரம் வளர்ந்து அவர்களைச் சூழ்ந்துகொண்டு, நீங்கள் கிராமத்தார் அல்லீர் என்கிறது.

குடிசைவாசிகள் காட்டினுள் மேலும் மேலும் பெருகலாமா என்றால், கூடாது என்பதே நம் விடை. காடு முதல், அதன் வட்டியே நாம் உண்ணத்தக்கது. கான்ஹேரித் தொட்டி கொள்ளும் அளவுக்கே பிக்குகள் அங்குத் தங்க முடிந்தது. எல்லை வேண்டும். அவ்வெல்லையை வகுக்கும்போது உள்ளிருப்பவனை அழைத்து உட்காரவைத்தல் வேண்டும். வெளியேற விரும்புபவனுக்கு வேலையும் பள்ளியும் அருகிலுள்ள இடம் வேண்டும். செலவை நகரம் ஏற்றல் வேண்டும்.

அச்செலவில் ஒரு சிறு பகுதியையேனும் கூறி முடிப்போம். விகார் ஏரியின் நீர் நகரத்துக் குழாய்களில் ஓடத் தொடங்கி நூற்றறுபது ஆண்டுகள் கடந்தன. அவ்வேரிகளைச் சூழ்ந்த காட்டின் பாடாக்கள் பலவற்றில் நெடுங்காலம் குழாயும் இல்லை, மின்விளக்கும் இல்லை. குழாய் இட்டால் குடியிருப்பு நிலைத்துவிடும் என்பது அதற்குச் சொல்லிவந்த காரணம். தாராவியில் நமக்கும் ஒரு காலத்தில் இதே காரணத்தைக் கூறினார்கள். நம் அன்னையர் குடத்துடன் வரிசையில் நின்றதை நாம் மறக்கவில்லை. மாநகராட்சித் தேர்தலில் வாக்குக் கேட்டு நம் சந்துக்குள் வருவோரிடம் நாம் நம் குழாயைப் பற்றி மட்டுமே கேட்டு வந்திருக்கிறோம். போரிவலிக் காட்டுப் பாடாவின் குழாயைப் பற்றியும் கேட்டால், இவர்களுக்கு அதில் என்ன என்று அவர்கள் வியப்பர். வியக்கட்டும், கேட்போம்.